குளிரை விட ஈரத் தரையே கொடிது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சித்திரையில் வெயில் ஏறத் தொடங்கியதும் நாளிதழ்கள் பிராணிகளுக்காக ஒரு பத்தி ஒதுக்கிவிடுகின்றன. மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள், உச்சி வெயிலில் நாயைத் தார்ச் சாலையில் நடத்தாதீர்கள், கோழிக் கொட்டகையின் மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள் என்று அவை சொல்வதெல்லாம் சரியே. வேலூரை 'வெயிலூர்' என்று நாமே கேலியாகச் சொல்லிக்கொள்ளும் நிலையில், அந்தப் பத்தி இங்கே மற்ற ஊர்களைக் காட்டிலும் கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஆனால் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசிப் பாதி வரை இதே ஊரில் இதே பிராணிகள் விடியற்காலைக் குளிரில் படும் பாட்டைப் பற்றி எழுதுவார் இல்லாததால், இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் தபால் கொண்டுபோனவன். தபால்காரனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் வலது கெண்டைக்காலில் அதற்கான முத்திரை இன்னும் இருக்கிறது. அப்படியிருந்தும், ஓய்வுக்குப் பின் தொரப்பாடியில் என் வீட்டுக்கு இரண்டு நாய்களும் கணக்கில் வராத பூனைகளும் வந்து சேர்ந்துவிட்டன. இங்கே நான் சொல்லப்போவதில் பாதி என் தவறுகளிலிருந்து கற்றது. மீதி கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தது.

இந்த ஊரில் அப்படி என்ன குளிர் என்று சிலர் கேட்கக்கூடும். வேலூர் கடற்கரையிலிருந்து தள்ளி, மலைகளுக்கு நடுவே பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும், பகலில் 29, 30 டிகிரி வரை ஏறுகிற வெப்பம் இரவில் 18 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும் நாட்கள் உண்டு. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் அதனினும் ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். காஷ்மீரத்தோடு ஒப்பிட்டால் இதைக் குளிர் என்றே சொல்ல முடியாதுதான். ஆனால் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு, ஒரே நாளில் பன்னிரண்டு டிகிரி ஏறி இறங்குவது சிறிய காரியம் அன்று. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்லி வைத்தார்களே, தரை துளைபடும்போது அந்தத் தரையின் மேல் படுத்திருப்பது யார் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

தரையைப் பற்றித்தான் நான் முதன்மையாக எழுத விரும்புகிறேன். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி. அதாவது நம்முடையதைவிட ஒன்றிரண்டு டிகிரி அதிகம். அந்த உடம்பு இரவு முழுவதும் டைல்ஸ் அல்லது கிரானைட் பதித்த தரையில் ஒட்டிக் கிடக்கும்போது, காற்று எடுத்துக்கொள்வதைவிட மிக வேகமாகத் தரை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நான் தபால் கொண்டுபோன காலத்தில் அணைக்கட்டுப் பக்கத்து வீடுகளில் சாணம் மெழுகிய மண் திண்ணை இருந்தது. புழக்கடையில் வைக்கோல் போர் இருந்தது. போரின் அடியில் நாய் ஒரு குழி பறித்துக்கொண்டு, உள்ளே சுருண்டு படுத்திருக்கும். காலை எட்டு மணிக்கு நான் சைக்கிள் மணி அடித்தால், உடம்பெல்லாம் வைக்கோல் துரும்போடு எழுந்து வந்து குரைக்கும். யாரும் அந்த நாய்க்கென்று தனியாக எதுவும் செய்து வைக்கவில்லை. இன்று அந்தத் திண்ணை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்துவதற்கான சிமெண்ட் தளம் வந்திருக்கிறது. வைக்கோல் போரைத் தேடினால் ஊருக்கு வெளியே போக வேண்டும். நாய் மட்டும் அங்கேயே, அதே வாசலில், இரும்புச் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறது.

அதோடு ஈரம் சேர்ந்துகொள்கிறது. மார்கழியில் நம் பெண்கள் விடியலுக்கு முன்பே எழுந்து வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போடுகிறார்கள். கோலம் அழகுதான், என் மனைவியும் போடுகிறாள். ஆனால் எங்கள் தெருவில் நான் தொடர்ந்து பார்த்து வருவது, இரவு முழுவதும் தன் உடல் சூட்டில் ஓரளவு கதகதப்பாக்கி வைத்திருந்த ஒரு முழ இடத்திலிருந்து தெரு நாய் விரட்டப்படுவதும், அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்படுவதும், குளிர் உச்சத்தில் இருக்கும் ஐந்து மணிக்கு அது போக்கிடம் இல்லாமல் சாக்கடை ஓரத்தில் போய் நிற்பதும்தான். அவற்றில் கெட்டிக்காரர்கள் டீக்கடை பாய்லர் அருகிலோ, முந்தின இரவு யாராவது குளிர் காய்ந்த சாம்பல் மேட்டிலோ இடம் பிடித்துவிடுகின்றன. குட்டிகளும் கிழங்களும் அப்படிப் பிடிக்க முடிவதில்லை.

என் தவறையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கறுப்பி என்று ஒரு நாட்டு நாய் எங்களிடம் இருந்தாள். ஒன்பது வயது ஆகியும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். புது வீடு கட்டியபோது முன்புறத்துக்கு வழவழப்பான டைல்ஸ் போட்டோம். அவள் படுக்கை அங்கேதான். ஒரு மார்கழிக் காலையில் நான் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது, வழக்கமாகப் பாய்ந்து வருகிறவள் வரவில்லை. முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்றாள். பின்னங்கால்கள் டைல்ஸில் வழுக்கி இரண்டு பக்கமும் விலகின. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று முறை முயன்று, பிறகு படுத்துவிட்டாள். காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. மருத்துவர் அவள் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம் வயதினால் வந்தது, ஆனால் இந்தத் தரைதான் அதை முடக்கிப் போட்டிருக்கிறது என்று சொன்னார். அன்றே தச்சரிடம் சொல்லி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு பலகை அடித்து வாங்கினேன். லாங்கு பஜாரில் பழைய கோணிப்பை இரண்டு வாங்கி, வைக்கோல் திணித்துத் தைத்து, அதன் மேல் போட்டேன். எழுந்து நடக்கும் இடத்தில் வழுக்காமலிருக்க ஒரு பழைய கயிற்றுப் பாயை விரித்தேன். பத்து நாளில் அவள் துள்ளிக் குதித்தாள் என்று எழுதினால் அது பொய். ஆனால் தானாக எழுந்து, தானாகப் போய், வேப்ப மரத்தடியில் காலைக் கடனை முடித்துவிட்டு வந்தாள். அதன் பிறகு இன்னும் இரண்டு மார்கழி இருந்தாள்.

பலகையும் சாக்கும் போடுகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சாக்கு காய்ந்ததாக இருந்தால்தான் காப்பு. பனியிலோ சிறுநீரிலோ நனைந்துவிட்டால் வெறுந்தரையே மேல் என்று ஆகிவிடும். எனவே இரண்டு சாக்கு வைத்துக்கொண்டு ஒன்றை நாள்தோறும் வெயிலில் உலர்த்துவது நல்லது. அப்படி உலர்த்தினால் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சேராது. இரண்டாவது, நாய்க் கூண்டு பெரிதாக இருப்பதே கௌரவம் என்று நினைத்து அறை போலக் கட்டிவிடுகிறார்கள். நாய் உள்ளே நின்று திரும்பிச் சுருண்டு படுக்கிற அளவுதான் வேண்டும். அப்போதுதான் அதன் உடல் சூடு அந்த இடத்தை நிரப்பும். இந்த மாதங்களில் நம் பக்கம் வீசுவது வாடையும் கொண்டலும், அதாவது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிற காற்று. ஆகையால் கூண்டின் வாயில் தெற்கு பார்த்து இருந்தால், வாயிலில் ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டாலே போதும்.

எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி குளிராது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் நாட்டு வகைகள் குட்டை மயிரும் ஒட்டிய வயிறுமாக, வெயிலில் ஓடுவதற்கென்றே அமைந்தவை. தோலுக்கடியில் கொழுப்பு குறைவு என்பதால் அவற்றைக் குளிர் விரைவில் பிடிக்கும். டாபர்மேன், பக் போன்றவையும் அப்படியே. பொமரேனியன் என்று நாம் அழைக்கிற ஸ்பிட்ஸ் வகைக்கு இரண்டடுக்கு மயிர் இருக்கிறது. அதற்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டல்ல. ஆனால் நான் மாலையில் சத்துவாச்சாரிப் பக்கம் போகும்போது பார்ப்பது தலைகீழாக இருக்கிறது. ஸ்பிட்ஸுக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். வாசலில் கட்டிப் போட்ட சிப்பிப்பாறை நடுங்கிக்கொண்டிருக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாம் வள்ளல் என்று போற்றுகிறோம், அந்த மனம் பெரிது. என்றாலும் மயிலுக்குத் தன் இறகே போர்வை என்பதைப் பக்கத்தில் இருந்த மலைக்குறவர் எவரையாவது அவன் கேட்டிருக்கலாம். குட்டை மயிர் நாய்க்குச் சட்டை போடுவதானால் கழுத்திலும் அக்குளிலும் இறுக்காத பருத்தித் துணியாகப் போட வேண்டும். நனைந்தவுடன் கழற்ற வேண்டும். பழைய ஸ்வெட்டரின் பொத்தான்களை அது கடித்து விழுங்கிவிடும் என்பதால் அவற்றை முன்பே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

இந்தக் காலத்தில் பிறக்கும் குட்டிகளின் நிலைதான் மிகவும் கவலைக்குரியது. பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரங்களுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கக்கூட வராது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவற்றின் உடம்புமே அதற்கு அடுப்பு. அவற்றிலிருந்து ஒரு குட்டி உருண்டு தனியே போய்விட்டால் ஓசையில்லாமல் குளிர்ந்துபோகும். அப்படிக் குளிர்ந்து கிடக்கும் குட்டியைக் கண்டதும் நம் மக்கள் செய்கிற முதல் வேலை, பாலைக் காய்ச்சி அதன் வாயில் ஊற்றுவது. இரக்கத்தால் செய்வதுதான், ஆனால் அதுவே அதைக் கொன்றுவிடும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. விழுங்கும் திறனும் இருக்காது. பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முதலில் சூடு, பிறகுதான் பால். அந்தச் சூட்டையும் மெல்லத்தான் ஏற்ற வேண்டும்: சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளலாம், அல்லது வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். வெந்நீரில் முக்குவதும், பாட்டிலைத் தோலின் மேல் நேராக வைப்பதும் கூடாது.

பிறந்த முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடம் 30 டிகிரி அளவில் கதகதப்பாக இருக்க வேண்டும் என்பார்கள். அதற்காக ஒரு பல்பைத் தொங்கவிடுவது நம் ஊரில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்குப் பழகிய வழிதான். அவர்கள் முதல் வாரத்தில் 35 டிகிரி வைத்து, வாரந்தோறும் மூன்று டிகிரி போலக் குறைத்து வருவார்கள். ஆனால் இப்போது வீடுகளில் இருப்பதெல்லாம் எல்.ஈ.டி. பல்பு. அது வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. எங்கள் தெருவில் ஒரு பையன் நல்லெண்ணத்தோடு இரவெல்லாம் எல்.ஈ.டி. விளக்கை எரியவிட்டு, ஏன் குட்டிகள் கத்துகின்றன என்று புரியாமல் என்னிடம் வந்து கேட்டான். பழைய குண்டு பல்புதான் இதற்கு வேண்டும். அதையும் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட்டு, சூடு மிகுந்தால் தாயும் குட்டிகளும் விலகிப் போவதற்கு மறுபக்கம் இடம் விட வேண்டும்.

இனி நான் எழுதப்போவது எங்கள் வீட்டில் நடந்தது. குளிரைவிட நம் கைவைத்தியம் கொடியது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த நிகழ்ச்சி. சாம்பல் நிறப் பூனை ஒன்று சமையலறைக் கதவோரம் ஒண்டிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் ஒரு நாள் அது தும்மிக்கொண்டும் உடம்பைக் குறுக்கிக்கொண்டும் கிடக்கக் கண்ட என் பேரன், தனக்குக் காய்ச்சல் வந்தபோது கொடுத்ததையே அதற்கும் கொடுப்போம் என்று நினைத்து, பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்துவிட்டான். அன்று மாலைக்குள் பூனையின் முகம் வீங்கிவிட்டது. பாதங்களும் வீங்கின. வாயைத் திறந்து பார்த்தபோது, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இரவாகிவிட்டது. அது பிழைக்கவில்லை. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்பதும், அதனால் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் தன்மையை இழந்துவிடுகிறது என்பதும், பாதி மாத்திரையே அதற்கு எமன் என்பதும், முதல் சில மணி நேரத்துக்குள் வந்தால் மாற்று மருந்து உண்டு என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. பேரனிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அதே பட்டியலில் இன்னும் சில உண்டு. நெஞ்சில் தேய்க்கும் தைலமும் யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் நமக்கு இதமாக இருக்கலாம்; பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி என்பதால், மேலே தடவுவது வயிற்றுக்குள் கொடுப்பதற்குச் சமம். பரணிலிருந்து எடுத்த பழைய கம்பளியில் அந்துருண்டை வாசம் வீசினால், அதைக் குறைந்தது இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, மடிப்புகளை உதறி, உருண்டை எதுவும் தங்கவில்லை என்று பார்த்த பிறகே நாய்க்கோ பூனைக்கோ போட வேண்டும். அந்துருண்டையை நாய் மிட்டாய் போல விழுங்கிவிடும். அது கடுமையான நஞ்சு.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவது மலைப் பக்கத்தில் உண்டு. ஏலகிரிக்குச் சுற்றுலா வருகிறவர்களும் அதை ஒரு வேடிக்கையாகச் செய்கிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அறையில் மனிதருக்குத் தலை சுற்றுவதற்கு முன்பே கூண்டில் இருக்கும் பறவை விழுந்திருக்கும். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டின் மூன்று பக்கங்களைப் பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விட்டு, வாடை படாத சுவரோரம் வைத்தால் போதும். கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் அந்த அறையில் வேண்டாம். குளிருக்கு அடக்கமான இடம் என்று கூண்டைச் சமையலறைக்கு மாற்றுவது அதைவிடத் தவறு. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து புகைந்தால் அந்தப் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். (பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம்.) மார்கழிக் கடைசி நாளில் போகிக்காக டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதைக் கைவிடச் சொல்லி அரசே ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. பனிமூட்டத்தோடு அந்தப் புகை தரையோரமாகவே தங்கிவிடுவதால், சப்பை மூக்குள்ள பக் நாய்களையும் பறவைகளையும் அன்று காலை வீட்டுக்குள் வைத்து ஜன்னலைச் சாத்திவிடுவது நலம்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு இதுவும் குளிர் காணும் பிராணி என்ற நினைவே வருவதில்லை. கப்பி, மோலி, ஏஞ்சல் போன்றவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி நீர் வேண்டும். மார்கழி இரவில் கண்ணாடித் தொட்டி அதற்குக் கீழே இறங்கிவிட்டால், மீன் அடியில் போய் அசையாமல் நிற்கும். சில நாளில் உப்பைத் தூவியது போல உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஒரு ஹீட்டர் போதும். தண்ணீர் மாற்றும்போது மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை விடியற்காலையில் அப்படியே ஊற்றிவிடக் கூடாது. தங்க மீனுக்கு மட்டும் இந்தக் கவலை வேண்டாம். அது குளிர்ந்த நீரின் பிள்ளை. முயலும் அப்படித்தான், அதற்கு ஈரமில்லாத படுக்கை இருந்தால் போதும், நம் ஊர் வெயில்தான் அதற்கு ஆகாது.

பூனைக்குத் திரும்புகிறேன். வறுமையைச் சொல்வதற்கு 'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்பார்கள். விறகடுப்பு இருந்த வரையில், உலை இறங்கிய பிறகு எல்லா வீட்டு அடுப்பிலும் பூனை தூங்கத்தான் செய்தது. அது அதன் குளிர்கால வீடு. எரிவாயு அடுப்பு வந்த பின் அந்தச் சாம்பல் கதகதப்பு போய்விட்டது. இப்போது அது தேடிப் போகும் சூடு, இரவு பத்து மணிக்கு வந்து நின்ற காரின் என்ஜின். பானெட்டுக்கு அடியில் ஏறி, பெல்ட்டுக்கும் விசிறிக்கும் நடுவே படுத்துவிடுகிறது. காலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்பும்போது நடப்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டை இரண்டு முறை உள்ளங்கையால் பலமாகத் தட்டி, ஹாரன் ஒரு முறை அடித்து, கால் நிமிடம் பொறுத்தால் அது இறங்கி ஓடிவிடும். ஆட்டோ நிறுத்தங்களில் இதை ஒருவர் தொடங்கினாலே மற்றவர்களும் பழகிக்கொள்வார்கள்.

குளிர் நாட்களில் பூனைகள் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடுகிறது. ஆண் பூனை மண்ணில் அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாகவோ ஒன்றுமே இல்லாமலோ எழுந்தால், மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் போய்விடலாம். வெதுவெதுப்பான தண்ணீரைக் கிண்ணத்தில் அடிக்கடி மாற்றி வைப்பதும், சோற்றைக் கொஞ்சம் தளரப் பிசைந்து வைப்பதும் உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயைக் குளிப்பாட்டுவதானால் பதினொரு மணி வெயிலில், வெதுவெதுப்பான நீரில், மாதத்துக்கு ஒரு முறை போதும். உள்மயிர் வரை துண்டால் துவட்டி, முழுக்கக் காய்ந்த பிறகே நிழலுக்கு விட வேண்டும். கோட்டையைச் சுற்றி விடியற்காலையில் நாயோடு நடப்பவர்கள், இந்தப் பனி மாதங்களில் மட்டும் சூரியன் வந்த பிறகு கிளம்பினால் நாய்க்கும் நல்லது. மூட்டமான சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் நல்லது. இரவு முழுவதும் வெளியில் காவல் இருக்கும் நாய்க்குச் சற்றுக் கூடுதலாகச் சோறு வேண்டும், அதையும் ஆறிப்போன பழையதாக வைக்காமல் கைச்சூட்டில் வைக்க வேண்டும். சோபாவில் படுத்துறங்கும் நாய்க்குக் கூடுதலாக எதுவும் தேவையில்லை. நடுங்கிக்கொண்டிருந்த நாய், உடம்பு சில்லிட்டிருக்கும்போதே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், அது சரியாகிவிட்டது என்று பொருள் அல்ல. நடுங்கும் வலுவும் போய்விட்டது என்று பொருள். அப்போது மார்பையும் வயிற்றையும் போர்த்திச் சூடேற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இதெல்லாம் இரக்கமுள்ளவர்களின் விருப்பம் என்று நினைப்பவர்களுக்காகச் சட்டத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தான் வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் தண்ணீரும் தங்குமிடமும் தராமலிருப்பதையும், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிப் போடுவதையும் குற்றம் என்கிறது. முதல் முறை செய்த குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. ஒரு கோணிப்பையின் விலைகூட இராது. ஆகவே நான் சட்டத்தைப் பெரிதாக நம்பி இதை எழுதவில்லை.

தங்கள் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக நாளான ஜூலை 6-ஆம் தேதியை ஒட்டிக் கால்நடை பராமரிப்புத் துறை வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்களை நடத்தி வருவது பாராட்டுக்குரியது. அதைப் போலவே ஐப்பசியில், மழை முழுமையாகப் பிடிப்பதற்கு முன், குட்டிகளுக்கான மற்றத் தடுப்பூசிகளுக்கும் குளிர்கால அறிவுரைக்கும் ஒரு முகாம் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் நடந்தால் பெரிதும் உதவியாக இருக்கும். நாய்க்குட்டிகளைத் தாக்கும் டிஸ்டம்பர் போன்ற நோய்களின் கிருமிகள் வெயிலில் விரைவில் மடிந்து, குளிர்ந்த நிழலில் அதிக நேரம் தாங்குகின்றன. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை தவணை முறையில் போட வேண்டிய ஊசிகளை, பனிக்காலம் முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறவர்கள் நம்மிடையே நிறைய.

இரண்டாவது வேண்டுகோள் சிறியது. எங்கள் தெருவில் நாங்கள் நான்கு வீட்டார் சேர்ந்து, இந்த மார்கழி முதல் தேதியன்று ஏழு இடங்களில் செங்கல் மேல் பலகை வைத்து, வைக்கோல் திணித்த சாக்கு போட்டு வைத்தோம். ஐந்தில் நாய்கள் படுக்கின்றன. மற்ற இரண்டையும் யாரோ குப்பை என்று எண்ணி எடுத்துப் போய்விட்டார்கள். மழை படாத மூலையில், செங்கல் மேல், ஓரம் தைத்த சாக்கு கிடந்தால் அது யாரோ வேண்டுமென்றே போட்டு வைத்த படுக்கை என்பதைத் தெருவைச் சுத்தம் செய்கிறவர்களும் கடைக்காரர்களும் அறியும்படி, தங்கள் வேலூர்ப் பதிப்பில் இரண்டு வரி வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
தொரப்பாடி, வேலூர்.